பச்சை நிறத்தில் ஒரு நாரை

அக்டோபர் 3, வெள்ளி

எம்மெட் குட்லோ இன்று பல் டாக்டரிடம் போனான். எங்கள் கூடைப்பந்து ரசிகர்களின் இணைய மன்றத்தில் அதற்குப் பதினான்கு பக்கம் ஓடியிருக்கிறது.

அந்த டாக்டர் ஹார்லன் ஸ்டேட் கல்லூரியில் படித்தவர் என்று ஒருவர் கண்டுபிடித்தார். கிளினிக் வாசலில் இருக்கும் செடி எங்கள் அணி நிறமான பச்சை என்று இன்னொருவர். செடி, ஐயா. வேறு எந்த நிறத்தில் இருக்கும்? சிரித்தேன். சிரித்துவிட்டு அந்தச் செடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அப்பா சோபாவிலிருந்து, "என்னடி அது, செடியெல்லாம் பாக்குற?" என்றார்.

"எம்மெட்டோட பல்லுப்பா."

"பல்லு வலியா அவனுக்கு?"

"தெரியல."

"பதினாலு பக்கத்துல அது மட்டும் இல்லையா?"

இல்லை. அது மட்டும் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

அறிவித்துவிட்டான். நவம்பர் 12, பிற்பகல் இரண்டு மணி, ப்ரூயிட் உயர்நிலைப் பள்ளி கூடைப்பந்து அரங்கம். மேஜையில் மூன்று தொப்பி இருக்கும். எதை எடுத்துத் தலையில் வைக்கிறானோ அந்தக் கல்லூரி அணிக்கு ஆடுவதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

பச்சைத் தொப்பி, ஹார்லன் ஸ்டேட் நாரைகள். நாங்கள். ஆரஞ்சுத் தொப்பி, கலோவே டெக் நரிகள். அவர்களைப் பற்றி எழுதி இந்த நோட்டை அசிங்கப்படுத்த விரும்பவில்லை. நீலத் தொப்பி, மேற்குக் கடற்கரையில் ஏதோ ஒரு கல்லூரி. கல்யாணத்துக்கு வராத மாமாவுக்கும் பத்திரிகை அனுப்புவோமே, அது மாதிரி.

பதினேழு வயது, ஆறடி பத்தங்குலம், பள்ளிக் கூடைப்பந்து வீரன். எங்கள் ஊர்ப் பையன். இண்டியானாவில் அப்படி ஒருத்தன் பிறந்தால் அவன் தொட்டிலிலேயே பொதுச்சொத்து.

நாரைகள் மார்ச் மாதப் பெரிய போட்டிக்குக் கடைசியாகப் போனபோது எனக்கு நான்கு வயது. இப்போது இருபது. அப்பா இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு சீசனுக்கும் அதே இருக்கையில் போய் உட்கார்ந்து, அதே மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார். எம்மெட் வந்தால் அது மாறும். அவ்வளவுதான் என் கோரிக்கை. ஒரு பையன் ஒரு தொப்பியை எடுக்க வேண்டும்.

அக்டோபர் 11, சனி

மன்றத்தில் எல்லோருக்கும் பதவி உண்டு. புதிதாக வருபவர் புழு. அப்புறம் மீன். அப்புறம் தவளை. உள்விவரம் தெரிந்த பெரியவர்கள் நாரை. என் பெயர் அங்கே 'ஒற்றைக்கால்'. மூன்று வருடமாகத் தவளை. இரண்டாயிரத்து நானூறு பதிவு போட்ட தவளை.

நாரை ஆவதற்கு ஒரே வழி, யாருக்கும் தெரியாத ஒன்றை முதலில் சொல்வது. நான் சூப்பர்மார்க்கெட் பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூசுகிறவள். எனக்கு என்ன தெரியும்? யாருக்கு எத்தனை வயது ஆகிறது என்பது தெரியும்.

இறைச்சிப் பிரிவில் வேலை பார்க்கும் டியூவி நரி ரசிகன். ஏப்ரனில் ரத்தத்தோடு வந்து நின்று, "என்ன தவளையம்மா, இன்னிக்கு எம்மெட் எத்தனை தடவை தும்மினான்?" என்கிறான்.

ரெண்டு தடவை. மன்றத்தில் வந்திருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணி இருக்கும். கவுண்டரில் ரெனாட்டா குட்லோ. எம்மெட்டின் அம்மா. ஆறடி உயரம், முழங்கால் வரை கோட்டு. வெளியே நல்ல வெயில், ஊரே அரைக்கை சட்டையோடு திரிகிறது, இவள் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறாள். உள்ளே பச்சைச் சட்டை. சத்தியம் செய்வேன்.

"ஒரு கேக் வேணும்மா. சனிக்கிழமைக்கு. சின்னதுதான், பன்னெண்டு பேருக்கு."

"என்ன நிறம், மேடம்?"

இரண்டு விநாடி யோசித்தாள். நான் மூச்சு விடவில்லை.

"பச்சை."

பச்சை.

"என்ன எழுதணும்?"

"எழுத்து வேணாம். எழுதினா எல்லாரும் படிச்சிடுவாங்க. படம் மட்டும் போதும்." ஆர்டர் சீட்டை என்னிடமிருந்து வாங்கி அவளே வரைந்தாள். நீளக் கழுத்து. நீள அலகு. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் மடக்கி. அலகுக்குக் கீழே ஒரு உருண்டை.

பந்து. பெற்ற தாய் பந்தையும் சேர்த்து வரைந்துவிட்டாள்.

"பறவைன்னு தெரியுதா? எனக்கு வரையறது இவ்வளவுதான் வரும்."

"நல்லாவே தெரியுது, மேடம்."

"இது நமக்குள்ளயே இருக்கட்டும், சரியாம்மா?"

"சரிங்க மேடம்" என்றேன். எவ்வளவு மரியாதையான பெண் நான்.

குளிர் அறைக்குள் போய் சீட்டைப் படம் எடுத்தேன். பெயர், தேதி எல்லாம் வெட்டிவிட்டுப் பறவையை மட்டும் மன்றத்தில் போட்டேன். 'எம்மெட் வீட்டு விருந்துக்கான கேக். வரைந்தது அம்மா கை. நிறம் பச்சை. இதற்கு மேல் விளக்கம் தேவையா?'

அக்டோபர் 22, புதன்

நாரை. நான் நாரை. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாகப் பச்சைப் பறவை நிற்கிறது. தவளைகள் வணக்கம் வைக்கின்றன. ஐம்பது வயது வக்கீல் ஒருவர் என்னைத் தலைவா என்கிறார்.

அப்பாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது நிஜமா?" என்றார். அப்புறம் அலமாரியில் இருந்து பழைய பச்சை ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஜிப் பாதிவரைதான் ஏறியது. "பரவாயில்ல, தையக்காரி பிரிச்சுக் குடுப்பா" என்றார்.

பதினாறு வருடமாக அதை அவர் வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 23, வியாழன்

நரி ரசிகர்கள் எம்மெட்டின் சமூக வலைப் பக்கத்தில் தொள்ளாயிரம் பதில் எழுதியிருக்கிறார்கள். துரோகி என்கிறார்கள். ஒருத்தன் அவன் முட்டி உடையட்டும் என்று எழுதியிருக்கிறான். அதற்கு இருநூறு பேர் கைதட்டியிருக்கிறார்கள். ஒருத்தன் அவன் ரெனாட்டாவோடு எந்தக் கடைக்குப் போவான் என்று பட்டியல் போட்டிருக்கிறான்.

நான் படம்தானே போட்டேன்.

டியூவி இடைவேளையில் வந்தான். கிண்டல் செய்வான் என்று பார்த்தால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "எங்க ஆளுங்க யாரோ அவங்க வீட்டுத் தபால் பெட்டி நெறைய அழுகின ஆரஞ்சுப் பழத்தப் போட்டிருக்காங்க."

"அதப் பெருமையா வந்து சொல்றியாக்கும்?"

"பெருமையா எங்க சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான்."

நான் படம் மட்டும்தானே போட்டேன்.

அக்டோபர் 25, சனி

எங்கேயிருந்து எழுதுவது. கேக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் வாழ்க்கையிலேயே அழகான கேக். இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக, கிரீம் பையில் மெல்லிய மூக்கு மாட்டிப் பிழிந்தேன். அலகில் கூடைப்பந்து. பழுப்பு ஆரஞ்சு நிறம், கறுப்புக் கோடுகளோடு. பந்துக்கு மட்டும் நாற்பது நிமிடம்.

ரெனாட்டா வந்தாள். அதே கோட்டு. பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"இது என்ன?"

"பந்து, மேடம்."

பந்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவள் வரைந்த பறவை. என் பதிவு.

"என் கிறுக்கல் எனக்குத் தெரியாதாம்மா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "நான்தான் போட்டேன்" என்றுதான் வந்தது.

எங்கள் பேக்கரி மேனேஜர் மார்வெல்லா பின்னாலிருந்து வந்து நின்றாள். ரெனாட்டா கோட்டின் பொத்தானைக் கழற்றினாள். கீழிருந்து மூன்று.

பச்சைச் சட்டை இல்லை. சாம்பல் நிறச் சட்டை. அதற்குள் ஏழு மாத வயிறு.

"நாரைதான்மா. உங்க நாரை இல்ல. பாப்பாவத் தூக்கிட்டு வருமே, அந்த நாரை. அலகுல இருக்கறது துணி மூட்டை. பந்து இல்ல. ஆணா பொண்ணான்னு நாங்க கேட்டுக்கல, நீலமும் வேணாம் ரோஸும் வேணாம்னுதான் பச்சை சொன்னேன்."

மார்வெல்லா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "பேபி ஷவர் கேக்குன்னு மாசத்துக்கு நாலு நாரை போடுறியேடி. கண்ணை எங்க கழட்டி வெச்சிருந்த?"

மன்றத்தில். வேறு எங்கே.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஊருக்கெல்லாம் சொன்னோம்" என்றாள் ரெனாட்டா. குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு தடவையும் கடைசில வீடு நெறையப் பூ வந்துச்சு. துக்கத்துக்கு அனுப்புவாங்களே, அந்தப் பூ. அதான் இந்தத் தடவை யாருக்கும் சொல்லல. ஏழு மாசம் தாண்டிருச்சு, வீட்டாளுங்க மட்டும் உக்காந்து ஒரு கேக் வெட்டலாம்னு பாத்தேன். இப்போ வாசல்ல கேமராவோட நாலு பேர் நிக்கறான்."

பந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அவள் கண் முன்னாலேயே மூட்டை பிழிந்தேன். சுரண்டிய பந்தைக் குப்பையில் போடப் போனேன். "குடு" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். பசியாம். ஏழு மாதம்.

அதை மென்றுகொண்டே சொன்னாள். "தெரியுமா, உங்க ஹார்லனுக்குப் போடான்னு நான்தான் ஒத்தக்கால்ல நிக்கறேன். அவனுக்கு அதான் நல்ல இடம். அந்தக் கோச்சும் நல்ல மனுஷன். இவன் கேட்டாத்தானே. அவங்கப்பா லாரில வாரத்துல அஞ்சு நாள் வெளியூர். அடுத்த வருஷம் நானும் ஒரு கைக்குழந்தையும் தனியா இருப்போமாம். 'மூணு மணி நேரம்மா, ஏதாவதுன்னா எப்படி வருவேன்'ங்கறான்."

பெட்டியை மூடினாள். பொத்தானைப் போட்டாள்.

"இதையும் வேணா உன் மன்றத்துல போட்டுக்கோ."

மார்வெல்லா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கேக் பக்கம் வரக் கூடாது, இந்த வருடம் முடியும்வரை ரொட்டி வெட்டு என்றாள். போனில் பதிவை எடுத்துவிட்டு, 'தப்பு என்னுடையது. அந்தப் படத்துக்கும் எம்மெட்டின் முடிவுக்கும் சம்பந்தமில்லை, அவனை விட்டுவிடுங்கள்' என்று எழுதினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

எம்மெட் வீட்டிலிருந்து ஹார்லன் ஸ்டேட்: மூன்று மணி பத்து நிமிடம். கலோவே டெக்: இருபத்திரண்டு நிமிடம்.

அக்டோபர் 29, புதன்

என்னை யாரும் நம்பவில்லை. அதாவது, தப்பு என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. 'ஒற்றைக்காலை மிரட்டிவிட்டார்கள்.' 'பதிவை நீக்கினால் செய்தி உண்மை என்று அர்த்தம்.' வக்கீல், எனக்கு இலவசமாக வாதாடுகிறேன் என்கிறார். பொய் சொன்னபோது நாரை ஆனேன். உண்மை சொன்னதும் தியாகி.

மூன்று வருடம் செடியையும் பல்லையும் தும்மலையும் நோண்டியவள் நான். இப்போது எம்மெட் எங்கே போவான், ஏன் போவான் என்று மன்றத்தில் நாற்பதாயிரம் பேருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரியும். வாழ்க்கையிலேயே முதல் உண்மையான செய்தி. எழுத முடியாது.

நல்லா இருக்குல்ல.

நவம்பர் 4, செவ்வாய்

மன்றத்தை நடத்துகிறவரே தனியாக எழுதினார். 'நாரை இல்லை என்றால் அது என்ன பறவை? ஒரு வரி போதும். உன் பெயரைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன்.'

ஒரு வரி போதும்தான். அந்த ஒரு வரி போனால் ரெனாட்டாவின் வயிற்றுக்கும் பதினான்கு பக்கம் ஓடும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், அவர் எங்கே படித்தவர். பிறக்கிற குழந்தையின் உயரத்துக்கு இப்போதே ஒருத்தன் கணக்குப் போடுவான்.

'கொக்கு' என்று பதில் போட்டேன். கோபித்துக்கொண்டார்.

அப்பா ஜாக்கெட்டைத் தையல்காரியிடமிருந்து வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் பிரித்து வேறு பச்சைத் துணி வைத்துத் தைத்திருக்கிறாள். "எப்டி இருக்கு?" என்று திரும்பித் திரும்பி நின்றார்.

நல்லா இருக்குப்பா என்றேன். நவம்பர் 12 வரைக்கும் நல்லா இருக்கட்டும்.

நவம்பர் 12, புதன்

போனோம். அப்பா ஜாக்கெட்டில். அரங்கம் பிதுங்குகிறது. எங்கள் ஊரில் சர்ச்சுக்கு இத்தனை பேர் வந்தால் பாதிரியார் மயங்கி விழுவார்.

ரெனாட்டா இரண்டாவது வரிசையில், அதே கோட்டு. பக்கத்தில் லாரி ஓட்டும் அப்பா, தூக்கம் போதாத முகத்தோடு.

எம்மெட் உட்கார்ந்தபோது மேஜை பொம்மை மேஜை மாதிரி ஆனது. முதலில் நீலத் தொப்பியை மரியாதையாக ஓரம் வைத்தான். அப்புறம் கை பச்சைக்குப் போனது. எங்கள் பக்கம் எழுந்துவிட்டது. அப்பா என் தோளைப் பிடித்தார். தெரிந்த எனக்கே ஒரு நொடி — ஒரே நொடி — எடுடா, எடுடா தங்கம் என்று இருந்தது. வெட்கமே இல்லை எனக்கு.

பச்சைத் தொப்பியின் விளிம்பை நேராக்கி வைத்தான். அது மட்டும்தான். ஆரஞ்சை எடுத்துத் தலையில் வைத்தான்.

மற்ற வீரர்கள் இந்த நேரத்தில் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவன் இரண்டாவது வரிசையைப் பார்த்தான். ரெனாட்டா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் மறுபடி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஏன் கலோவே என்று நிருபர்கள் கேட்டார்கள். "வீட்டுக்குப் பக்கம்" என்றான். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. வேறு ஏதாவது காரணம் சொல்லுங்கள் என்று இன்னும் மூன்று தடவை கேட்டார்கள்.

காரில் அப்பா இரண்டு சிக்னல் தாண்டி, "அந்தப் படத்துல இருந்தது நிஜமாவே நாரைதானா?" என்றார்.

"நாரைதான்ப்பா."

"அப்புறம் எப்பிடி?"

"அது வேற நாரை."

இன்னொரு சிக்னல். "கேக்கக் கூடாதா?"

"கேக்கக் கூடாதுப்பா."

"சரி" என்றார். வண்டியை ஓரம் கட்டி, பன்னை விட மூன்று மடங்கு பெரிய பன்றிக்கறித் துண்டு வைத்த சாண்ட்விச் இரண்டு வாங்கினார். ஜாக்கெட்டில் சிந்தக் கூடாது என்று கழற்றி, மடித்துப் பின்சீட்டில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

நவம்பர் 13, வியாழன்

புழு. தவளைகூட இல்லை. புழு.

பெயரும் மாற்றிவிட்டார்கள். 'கேக்கு.' நான் நரிகள் அனுப்பிய உளவாளியாம். நான் கிளப்பிவிட்ட கலாட்டாவால்தான் பையன் மனம் மாறினானாம். அறுபத்தொரு பக்கம். வக்கீல் இப்போது எதிர்த்தரப்பில் வாதாடுகிறார்.

கலாட்டாவைப் பற்றி அவர்கள் சொல்வதில் பாதி நியாயம்கூட இருக்கலாம். முட்டி உடையட்டும் என்று எழுதியவனுக்குப் படம் எடுத்துக் கொடுத்தது நான்தானே.

பதில் எழுத விரல் ஊறுகிறது. போனை மார்வெல்லாவிடம் கொடுத்தேன்.

"எதுக்குடி?"

"ஷிஃப்டு முடியற வரைக்கும் வெச்சிருங்க. அழுதாலும் குடுக்காதீங்க."

மாவு மூட்டைக்கு அடியில் வைத்தாள். நூற்றி முப்பது ரொட்டி வெட்டினேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

ஜனவரி 3, சனி

மார்வெல்லா முந்தாநாள்தான் கிரீம் பையைத் திருப்பிக் கொடுத்தாள். "நாரை எது, பந்து எதுன்னு தெரியுதா இப்போ?" என்றாள்.

இன்று எம்மெட் வந்தான். தொங்கும் பலகையில் இடிக்காமல் குனிந்து வந்தான். கீழிருந்து பார்த்தால் முகம் வெறும் பள்ளிக்கூடப் பையன் முகம். தாடையில் பரு.

"தங்கச்சி பொறந்திருக்கா. ஞாயித்துக்கிழமை."

"அம்மா?"

"திட்டிக்கிட்டே இருக்காங்க. நல்லா இருக்காங்க. இந்தத் தடவ எழுத்து உண்டுன்னு சொல்லச் சொன்னாங்க. பெருசா. மேவிஸ்." அப்புறம் மேலிருந்து என்னை உற்றுப் பார்த்தான். "நீங்கதானே பந்து போட்டது?"

"ஆமா. உனக்கு அதனால... அந்த ஆரஞ்சுப் பழம், அதெல்லாம்... மன்னிச்சுக்கோ."

தோளைக் குலுக்கினான். "பந்து ருசியா இருந்துச்சாம். எனக்கு ஒரு துண்டுகூட வெக்கல."

"என்ன நிறம் போடட்டும்?"

தலையைச் சொறிந்தான். "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே."

"சொல்லுப்பா."

"ஆரஞ்சு."

கலந்தேன். மஞ்சளில் சிவப்பு, சொட்டுச் சொட்டாக. ஆண்டவன் என்னை மன்னிப்பானாக, நிறம் அற்புதமாக வந்தது.

மன்றத்தில் இப்போது ஓஹாயோவில் ஒரு பையன். பதினைந்து வயது, ஆறடி எட்டங்குலம். அவன் அம்மா நேற்று பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாளாம், ஒன்பதாவது பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. குழந்தை பிறந்தாயிற்று, ஊருக்கே தெரிந்தாயிற்று. அந்தப் பறவை எதுவென்று இனி நான் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. புழு வாசிக்க மட்டும் வாசித்தது. ஒன்பது பக்கமும்.

டியூவி வாயெல்லாம் பல்லாக, போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "தவளையம்மா கையால ஆரஞ்சுக் கேக்கு. நகரு நகரு, ஒரே ஒரு படம்."

பெட்டியை மூடினேன்.

"வாங்க வந்தவங்க கேக்குடா அது. படம் எடுக்கக் கூடாது."